வீடியோ என்கோடிங்கின்போது கணினி அணைந்தால் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் கணினி, ஒரு வீடியோவை என்கோடிங்கில் (வேறு வடிவுக்குச் சுருக்கி மாற்றும் வேலையில்) போட்ட இருபதாவது நிமிடத்தில் எந்த அறிவிப்பும் இன்றி அணைந்து தானாக மீண்டும் எழும்போது, பெரும்பாலோர் முதலில் ஐயப்படுவது ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளைத்தான். ஆனால் இன்றைய இயங்குதளங்களில் ஒரு சாதாரண மென்பொருளில் பிழை இருந்தால் அது மட்டுமே மூடிக்கொள்ளும்; கணினி முழுவதும் விழுந்தால், காரணம் பெரும்பாலும் வன்பொருளிலோ மின்சாரத்திலோ, வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவரிலோ இருக்கும். எக்ஸ்265 போன்ற என்கோடர்கள் பிராசசரின் எல்லாக் கோர்களையும், ஏ.வி.எக்ஸ்.2 போன்ற கனமான கட்டளைகளுடன், மணிக்கணக்கில் ஓயாமல் வேலை வாங்குகின்றன. விளையாட்டுகளில் சுமை ஏறி இறங்குவதால் பிராசசருக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது. என்கோடிங்கில் அந்த ஓய்வு இல்லை. ஆகவே மற்ற வேலைகளில் மறைந்திருந்த பலவீனம் இங்கே வெளிப்படுகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன், கணினி எப்படி விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் நீலத் திரை தோன்றிய உடனே கணினி தானாக மீண்டும் தொடங்கிவிடுவதால், பலர் அதைப் பார்க்காமலே போகிறார்கள். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பிரிவுக்குச் சென்று, ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி என்பதன் அமைப்புகளில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத் திரை வந்து அப்படியே நின்றால், அதிலுள்ள பிழைப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம். நீலத் திரையே வராமல் விளக்கை அணைத்தாற்போல் கணினி நின்றால், ஐயம் பவர் சப்ளை, மதர்போர்டின் மின்சுற்று, கடும் வெப்பம் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்து, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் பாருங்கள். அங்கே 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் ஒரு பதிவு இருக்கும். இதைக் கண்டதும் பவர் சப்ளைதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவது மிகப் பரவலான தவறு. கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அது விளைவின் பதிவே தவிர, காரணத்தின் பதிவு அன்று. அதற்கு அருகில் 'டபிள்யூஎச்இஏ-லாகர்' என்ற பெயரில் வன்பொருள் பிழைப் பதிவுகள் உள்ளனவா என்று தேடுவதே பயன் தரும். எண் 18 என்றால் வன்பொருள் மீள முடியாத பிழை ஒன்றைக் கண்டது என்று பொருள். எண் 19 என்றால் பிழை ஏற்பட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள். திருத்தப்பட்டதுதானே என்று 19-ஐ அலட்சியம் செய்யக்கூடாது, ஏனெனில் பிராசசருக்குப் போகும் மின்னழுத்தமோ ரேமின் வேகமோ விளிம்பில் நிற்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம்.

வெப்பத்தை அளக்க எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியைத் திறந்து, அளவீடுகளைக் கோப்பில் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு என்கோடிங்கைத் தொடங்குங்கள். கணினி விழுந்த பின்னும் அந்தக் கோப்பின் கடைசி வரிகள் மிஞ்சியிருக்கும் என்பதால், திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ரைசன் 7000 வரிசையின் உயர்நிலைப் பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பின்படியே நடப்பது. இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அந்த எல்லையை நெருங்கும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி வெப்பத்தால் கணினி அணைகிறது என்றால் ஹீட்சிங்க் சரியாக அமரவில்லை, விசிறியோ நீர்க்குளிர்ப்பியின் பம்போ நின்றுவிட்டது, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது போன்ற பெரிய குறை ஒன்று இருக்கிறது. மடிக்கணினியாக இருந்தால் காற்றுப் பாதையில் அடைந்த தூசியை முதலில் நீக்குங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது ஒன்று உண்டு. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசர் மேலாண்மையின் கீழ், பிராசசரின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 விழுக்காடாக மாற்றுங்கள். பெரும்பாலான கணினிகளில் இந்த ஒரு விழுக்காடு, பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் டர்போ வேகத்தை முழுவதுமாக நிறுத்திவிடுவதால், மின்நுகர்வும் வெப்பமும் மின்னழுத்தமும் ஒருசேரக் கீழே இறங்கும். அதே வீடியோவை அதே அமைப்புகளுடன் மீண்டும் ஓட்டுங்கள். இப்போது விழாமல் முடிந்தால், காரணம் பவர் சப்ளை, குளிர்விப்பு, மின்னழுத்தம் என்ற வட்டத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்போதும் விழுந்தால் ரேம், டிரைவர் ஆகியவற்றை நோக்கி நகரலாம்.

பவர் சப்ளையைப் பொறுத்தவரை, பெட்டியில் அச்சிட்ட வாட் அளவு மட்டும் போதாது. பழையதும் தரம் குறைந்ததும் அந்த அளவைத் தொடும் முன்பே தடுமாறக்கூடும். மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 முனை இணைப்பு முழுவதும் உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கணினியை நீட்டிப்புப் பெட்டியில் இருந்து எடுத்து நேராகச் சுவர் இணைப்பில் செருகிப் பாருங்கள். இதற்கு மேல் உறுதியான சோதனை, நல்ல நிலையில் உள்ள வேறொரு பவர் சப்ளையை மாற்றி ஓட்டுவதுதான். எக்காரணம் கொண்டும் பவர் சப்ளையின் உட்பெட்டியைத் திறக்காதீர்கள்; மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ரேமை அதன் பெட்டியில் எழுதிய உயர் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்பு நிரலில்) அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பெட்டியில் எழுதிய வேகம்தானே என்று பலர் நினைத்தாலும், அது மெமரி கன்ட்ரோலரை அதன் அடிப்படை வரையறைக்கு மேல் ஓட்டுவதே ஆகும். பிறகு பென்டிரைவில் இருந்து மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனைக் கருவியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை ஏற்கக்கூடாது. ரேம் கோளாறு கணினியை வீழ்த்துவதோடு நிற்பதில்லை. முடிந்துவிட்டதாகத் தோன்றும் வீடியோவிலும் சத்தமில்லாமல் சிதைவுகளை விட்டுச் செல்லும். குடும்பப் பதிவுகளை மாற்றிவிட்டு மூலக் கோப்புகளை அழிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைச் செய்ய வேண்டும். இவற்றில் பல, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைத்தன்மையை இழப்பதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, அதைத் தடுக்கும் மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. பயாஸைப் புதுப்பித்தால் அந்தத் திருத்தம் கிடைக்கும். ஆனால் ஏற்கனவே பாதிக்கப்பட்ட பிராசசரை அது குணப்படுத்தாது என்பதால், புதுப்பித்த பின்னும் விழுந்தால் உத்தரவாதத்தில் மாற்றிக் கேட்பதே வழி.

கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே இருக்கும் என்வென்க் போன்ற என்கோடரில் மட்டும் கோளாறு வந்தால், அந்தக் கார்டின் டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

கணினி விழாமல் மென்பொருள் மட்டும் மூடிக்கொள்கிறது என்றால், அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே விழுக்காட்டில் நின்றால் மூல வீடியோவின் அந்தப் பகுதி சிதைந்திருக்கலாம். வெவ்வேறு இடங்களில் நின்றால் மீண்டும் ரேமையும் பிராசசரையும் ஐயப்படுங்கள். சரியாக 4 ஜிபியில் நின்றால், சேமிக்கும் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருக்கிறது, அதில் அதைவிடப் பெரிய கோப்பு அடங்காது.

இந்தச் சோதனைகள் நடக்கும் நாட்களில் வெளியீட்டை எம்பி4-க்குப் பதிலாக எம்கேவி வடிவில் சேமியுங்கள். வழக்கமான எம்பி4 கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுவதால், பாதியில் நின்ற கோப்பு திறக்காது. எம்கேவியில் அதுவரை முடிந்த பகுதியைப் பெரும்பாலும் பார்க்க முடியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதைக் குறித்துவைத்து, எப்போதும் அதே வீடியோவைக் கொண்டு சோதியுங்கள். முன்பு இருபது நிமிடத்தில் விழுந்த கணினி ஒரு முறை அரை மணி நேரம் தாங்கியதை வைத்துச் சரியாகிவிட்டது என்று கருத வேண்டாம். குறைந்தது மூன்று மணி நேரமாவது, அதுவும் அடுத்தடுத்து இரண்டு முறை ஓடி முடித்த பிறகே கணினியின் பக்கவாட்டு மூடியை மீண்டும் பொருத்துங்கள்.