தண்ணீரில் பாராகுவாட்டை மட்டும் பிடிக்கும் பாலிமர் செய்வது எப்படி

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புல்லுக்கு மருந்து அடிப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. கால்வாய்த் தண்ணீரில் அதை மட்டும் பிடித்தெடுக்கும் பாலிமர் ஒன்றை இறுதியாண்டு ஆய்வுக்குச் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

வேண்டிய மூலக்கூறை அச்சாக வைத்து, அதைச் சுற்றி மோனோமர்களை (பாலிமராகச் சேரும் சிறு மூலக்கூறுகளை) சேரவிட்டு, அப்படியே சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்கிணைத்து இறுக்கி, பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்தால் அதன் வடிவத்தில் குழி மிஞ்சும். 1972-லேயே ஜெர்மனியில் வுல்ஃப் குழுவினர் காட்டிய வழி இது.

சிக்கல் தண்ணீரில்தான். குளோரோஃபார்மில் அழகாக வேலை செய்யும் ஹைட்ரஜன் பிணைப்பு இங்கே நிற்காது, ஏனென்றால் ஒரு லிட்டரில் 55 மோல் தண்ணீர் மூலக்கூறுகள் அதே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. அதனால் மின்னூட்டத்தை நம்புங்கள். பாராகுவாட்டுக்கு இரண்டு நேர் மின்னூட்டம். நாம் மோனோமராக எடுக்கும் மெத்தாக்ரிலிக் அமிலம் நடுநிலை pH-இல் எதிர் மின்னூட்டம் பெறும்.

தொடக்க விகிதம் 1:4:20 (அச்சு மூலக்கூறு, மெத்தாக்ரிலிக் அமிலம், குறுக்கிணைக்கும் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட்). கொஞ்சம் தண்ணீர் கலந்த மெத்தனாலில் கரைத்து, அமிலத்தில் பாதியைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்குங்கள். வினையைத் தொடங்கிவைக்கும் ஏ.ஐ.பி.என். சேர்த்து, நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை விரட்டி (அது இருந்தால் வினை நின்றுவிடும்), மூடி, 60 டிகிரியில் ஒரு நாள் விடுங்கள்.

அப்புறம் கழுவுதல், இதில்தான் பொறுமை வேண்டும். மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 9:1 கலவையில், கழுவிய திரவத்தில் பாராகுவாட் புற ஊதா ஒளியை உறிஞ்சும் 257 நானோமீட்டர் உச்சம் மறையும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் மிச்சம் பிறகு கசிந்து, இல்லாத நஞ்சை இருப்பதாகக் காட்டிவிடும். அதைத் தவிர்க்க, அச்சுக்குப் பாராகுவாட்டுக்குப் பதில் அதைப் போன்ற வடிவுள்ள எத்தில் வயோலஜனை வைத்துக்கொள்வது நல்லது, கசிந்தாலும் எச்.பி.எல்.சி.-யில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவியில்) தனியாகத் தெரியும்.

பாராகுவாட்டுக்கு முறிமருந்து கிடையாது, ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய டின்னைத் தொடவே வேண்டாம். ஆய்வகத்தில், மேற்பார்வையில் மட்டும்.

அச்சு இல்லாத பாலிமர் ஒன்றையும் அதே முறையில் செய்யுங்கள். இரண்டும் ஒரே அளவு பிடித்தால் நீங்கள் செய்தது, வடிவம் பார்க்காமல் மின்னூட்டத்தை மட்டும் பிடிக்கும் வெறும் அயனிப் பரிமாற்றப் பிசின். பாராகுவாட்டை மட்டும் பிடிக்கிறதா என்று பார்க்க, அதைப் போன்ற களைக்கொல்லியான டைக்குவாட், கால்சியம் இரண்டையும் கலந்து சோதியுங்கள், கடைசியில் கால்வாயின் பழுப்புத் தண்ணீரிலும்: அதிலுள்ள ஹியூமிக் பொருட்கள் பாராகுவாட்டைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும்.