டிரேட்மார்க் பதிவு: கடைக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் நிறுவனத்தைப் பதிந்தாயிற்று, இனி அந்தப் பெயர் நமக்குத்தான் என்று நம்புகிறவர்கள் தேக்கா பக்கம் நிறையப் பேர். அந்தப் பதிவு தொழில் நடத்துவதற்கு. அதே பெயரை இன்னொருவர் தன் பாக்கெட்டில் அச்சிடாமல் தடுக்க வேண்டுமானால், ஐபாஸ் என்கிற அறிவுசார் சொத்து அலுவலகத்தில் டிரேட்மார்க்காகப் பதிய வேண்டும். இதையாவது பிறகு சரிசெய்துகொள்ளலாம். பெயரையே தவறாக வைத்துவிட்டால்தான் கஷ்டம்.

மசாலா வியாபாரம் தொடங்குகிறவர் 'ருசியான மட்டன் மசாலா' என்று வைப்பார். வாங்குபவருக்குச் சட்டென்று புரியும், உண்மைதான். ஆனால் பொருளின் வகையையும் தரத்தையும் மட்டுமே சொல்லும் சொற்கள் எல்லா வியாபாரிக்கும் தேவை. ஒருவருக்கே எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. தமிழில் எழுதினால் அதிகாரிக்குப் புரியாது என்ற கணக்கும் பலிக்காது. ஆங்கிலம் அல்லாத சொல்லுக்கு உச்சரிப்பும் பொருளும் கொடுத்தாக வேண்டும். 'மூக்குத்தி' என்ற பெயரைச் சாம்பார்ப் பொடிக்கு வைத்துப் பாருங்கள்: பொடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதனால் பதிவுக்கு நல்ல பெயர். நகைக்கடைக்கு அதே பெயர் தேறாது.

சிலர் சாமர்த்தியமாக ஒரு மயிலை வரைந்து, அதன் கீழ் அதே 'ருசியான மட்டன் மசாலா'வைப் போட்டு லோகோவாகப் பதிவார்கள். பதிவு கிடைக்கலாம். ஆனால் உரிமை மயிலும் எழுத்தும் சேர்ந்த அந்தத் தோற்றத்துக்குத்தான். பக்கத்துக் கடை மயிலை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் போட்டால், பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சொல், எழுத்து, எண், கையெழுத்து, படம், லேபிள், நிறம், பொட்டலத்தின் அமைப்பு, பொருளின் வடிவம், விளம்பரத்தில் ஒலிக்கும் இசைத்துணுக்கு வரை பதிய வழி உண்டு. சமையல் குறிப்பு இதில் சேராது. வடிவத்தை நம்பி இறங்குகிறவர்கள் கிட்கேட் வழக்கை நினைவில் வைப்பது நல்லது. இரண்டு விரல், நான்கு விரல் சாக்லெட் வடிவங்களுக்கு இங்கே பெற்றிருந்த பதிவு செல்லாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு பிரபலமான சாக்லெட்டுக்கே அந்த நிலை. முறுக்கைப் புது விதமாகச் சுற்றியிருக்கிறோம் என்று போய் நிற்பவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம் வகுப்பு, அதாவது எந்தப் பொருளுக்கு அல்லது சேவைக்குப் பதிகிறோம் என்ற பிரிவு. மொத்தம் 45 உண்டு. மசாலாப் பொடி 30ஆம் வகுப்பு, உணவகச் சேவை 43. இரண்டையும் நடத்துகிறவர் ஒன்றில் மட்டும் பதிந்தால் மற்றதில் ஓட்டை. விண்ணப்பிக்குமுன் ஐபாஸ் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிடுங்கள். பதிவு கிடைக்குமுன், பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியைப் போடாதீர்கள், அது குற்றம், 'டிஎம்' போடலாம்.

பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தகுந்த காரணமின்றித் தொடர்ந்து 5 ஆண்டு பயன்படுத்தாமல் விட்டால், அதை நீக்கச் சொல்லி யாரும் கேட்கலாம். பதிவு தரும் உரிமை சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியோடு சரி. ஜொகூரில் கிளை திறக்கும் எண்ணம் இருந்தால், இங்கு விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் மலேசியாவிலும் விண்ணப்பியுங்கள். இங்கு விண்ணப்பித்த தேதியையே அங்கும் கோர முடியும்.