சுவரடி ஈரம்: பெயின்ற் வாளி வாங்கப் போகும் முன்

கனடாவிலிருக்கும் மச்சான் ஒருநாள் வீடியோக் கோலில் தன் வீட்டின் அடிப்பக்கத்தைக் காட்டினான். தரைப் பலகைக்குக் கீழே மூன்றடி உயரத்தில் ஒரு வெளி. தவழ்ந்துதான் உள்ளே போகலாம். மண்ணின் ஈரம் மேலே வராதபடி நிலம் முழுவதும் தடித்த பொலித்தீன் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஓரடி ஏறும்படி விட்டு, விளிம்பைச் சுவரிலும் ஏற்றி ஒட்டியிருந்தான். "உங்கட வீட்டுக்குக் கீழ என்ன மச்சான் கிடக்கு?" என்று கேட்டான். "மண்தான்" என்றேன்.

வன்னியில் இப்போது எழும்பும் கல்வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான். அத்திவாரத்துக்குள் கிறவலையோ மணலையோ கொட்டி இடித்து, மேலே கொங்கிறீட் போட்டுவிடுகிறோம். காற்றுப் போக இடமில்லை. அம்மப்பாவின் கொம்பறை கல்லுகளுக்கு மேல் தூக்கி நின்றது. கீழே கோழி படுக்கும், உள்ளே நெல் காய்ந்தபடி கிடக்கும். நானோ சிறுபோக நெல்லை வட்டக்கச்சி வீட்டு அறைக்குள் நிலத்திலேயே அடுக்கினேன். மார்கழியில் அடி மூட்டையைத் தூக்கினால் சாக்கு தரையோடு ஒட்டிக் கிழிந்து வந்தது. உள்ளே நெல் சாம்பல் பூத்துக் கட்டியாகி, புளித்த கள்ளு மணம்.

சுவரைப் பார்த்தால் முழங்கால் உயரம் வரை கறுத்திருந்தது. கடையில் கேட்டேன், ஈரம் தடுக்கும் பெயின்ற் என்று இரண்டு வாளி தந்தார்கள். உட்பக்கம் முழுக்க அடித்தேன். அடுத்த கார்த்திகையில் பெயின்ற் அப்பளம் மாதிரிப் பொங்கியது. விரலால் குத்தினால் தண்ணீர் வழிந்தது. பக்கத்து வளவில் வேலைக்கு வந்த வயதான மேசன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்தச் சுவருக்கு நீ பட்டு வேட்டி கட்டினாலும் நனையும். முதல்ல வெளியில மண்ணை இறக்கு."

இந்தச் செய்முறையின் ஒழுங்கும் அதுதான்: வெளியே தொடங்கி உள்ளே வருவது. வேலையைச் சோளகம் வீசும் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மாரிக்குள் எதைப் பூசினாலும் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகத்தான் முடியும்.

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதை மட்டும் மாரியிலேயே செய்துவிடுங்கள். ஈரம் இருக்கும்போதுதான் அதன் வழி தெரியும்.

தெளிவான பொலித்தீனில் இரண்டடிக்கு இரண்டடித் துண்டு ஒன்றை வெட்டுங்கள். அறையின் மூலையில் தரையைத் துடைத்துக் காயவிட்டு, துண்டை விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். மறுநாள் பொலித்தீனின் கீழ்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்பக்கம் நனைந்து கீழ்ப்பக்கம் காய்ந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். யன்னலைத் திறந்து வைப்பதுதான் அதற்கு வைத்தியம்.

சுவரையும் வாசிக்கப் பழகவேண்டும். தரையிலிருந்து ஒரே மட்டத்தில் பட்டி போட்டதுபோல் கறுத்து, மேல் விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. அது பொதுவாக மூன்று மூன்றரை அடிக்கு மேல் போகாது. யன்னலுக்குக் கீழே மட்டும் நனைவு என்றால் யன்னல் விளிம்பால் ஒழுகுகிறது. மேலிருந்து கோடாக இறங்கினால் கூரை. ஒழுக்குக்கு நிலத்தைக் கிண்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

2. வெளி மண்ணை இறக்குதல்

அத்திவாரத்துக்கு மேல், சுவர் தொடங்கும் இடத்தில் ஈரத்தை மறிக்க ஒரு படை போடுவார்கள். மேசன்மார் அதை டி.பி.சி என்பார்கள். 1:2 அல்லது 1:3 சீமெந்து மணல் கலவை முக்கால், ஒரு அங்குலத் தடிப்பில். அதன் மேல் காய்ச்சிய தார் இரண்டு தரம். தாருக்கு மேல் மணல் தூவல். பெரும்பாலும் அது உள்தரை மட்டத்தோடு இருக்கும். வெளிப்பூச்சில் சின்னதாக ஒரு இடத்தைத் தட்டிப் பார்த்தால் கறுப்புக் கோடு தெரியும்.

அந்தக் கோட்டுக்கு மேலே வெளிமண் ஏறிவிட்டால் தடை இருந்தும் இல்லாத மாதிரி. ஈரம் அதைச் சுற்றி ஏறிப் போகிறது. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். கட்டும்போது சரியாகத்தான் இருந்தது. பிறகு 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பின் முற்றத்தை உயர்த்தவென்று நானே இரண்டு லோட் கிறவல் பறித்து, சுவரோடு அணைத்துப் பரவினேன். அதற்கு மேல் மாமி குறோட்டன் நட்டு, தினமும் பின்னேரம் தண்ணீர் வேறு.

செய்யவேண்டியது இதுதான். வீட்டைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்கு மண்ணை வழித்து, டி.பி.சிக் கோட்டுக்கு 6 அங்குலம் கீழே கொண்டுபோங்கள். அதற்குமேல் ஆழம் வேண்டாம். அத்திவாரத்தின் பக்கத்து மண் அத்திவாரத்துக்குத் தேவை. பிறகு சுவரிலிருந்து வெளியே 10 அடித் தூரத்தில் 6 அங்குலம் இறங்கும்படி சரிவு எடுங்கள். ரியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தால் கண் ஏமாற்றாது. வெளிப்பூச்சு மண்ணுக்குள் புதைந்து போயிருந்தால் கோட்டோடு நேராக வெட்டி, கீழ்ப் பகுதியைத் தட்டி எடுத்துவிடுங்கள். அதுவும் ஈரம் ஏறும் ஏணி.

எங்கள் மண்ணில் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மண்வெட்டியில் துருப்பிடித்த இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் அது யுத்தகால வெடிபொருளாக இருக்கலாம், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். தொட வேண்டாம், தூக்கிப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, இடத்துக்கு அடையாளம் வைத்து, பொலிசுக்கு 119 இல் அறிவியுங்கள். மற்றது, அடுக்கி வைத்த கல்லையும் ஓட்டையும் கையால் புரட்டாதீர்கள், அலவாங்கால் புரட்டுங்கள். கண்ணாடிப் புடையன் பாம்புக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும்.

3. கூரைத் தண்ணீர்

550 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்கும். 200 லீற்றர்ப் பரலில் 25 பரல். கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலி இல்லாத வீட்டில் அவ்வளவும் தாவாரத்தடியில் விழுந்து, சுவரடிக்குள்ளேயே ஊறுகிறது. சேறு தெறித்துச் சுவர் இரண்டடிக்குச் சிவந்து நிற்பதை வைத்தே பீலி இல்லாத வீட்டைச் சொல்லிவிடலாம்.

பீலி பூட்டி, குழாயால் தண்ணீரைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். தொட்டியில் பிடித்தால் இன்னும் நல்லது, ஆனால் நிரம்பி வழியும் தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டும். காசு போதாது என்றால் முன்பின் இரு பக்கத்துக்கு மட்டும் பூட்டுங்கள்.

2ஆம், 3ஆம் வேலைகளை முடித்து ஒரு மாரி பார்க்கலாம். பல வீடுகளுக்கு இதோடு சரியாகிவிடும். எங்கள் வீட்டில் சுவர் பாதிக்கு மேல் காய்ந்தது, தரைதான் விடவில்லை.

4. சுவரின் உட்பக்கம்

நனைந்த அடையாளத்துக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சைத் தட்டி எடுங்கள். உப்பை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தும்புத்தடியால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். பிறகு காயவிடுங்கள். ஒரு அங்குலத் தடிப்புக் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. 6 அங்குலக் கல்லுச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் மூன்று மாதம். இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் பொறுமை போகிறது.

திரும்பப் பூசும்போது தனிச் சீமெந்தில் இறுக்கமாகப் பூசச் சொல்வார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் தலை காட்டும். சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை சுவரை மூச்சுவிட வைக்கும். மேலே எனாமல் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். முல்லைத்தீவுப் பக்கம் கரையோர மணல் மலிவாகக் கிடைக்கும். அதிலுள்ள உப்பு மாரிக் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துச் சுவரை நனைக்கும். அந்தச் சுவரை எந்த டி.பி.சியும் காப்பாற்றாது.

டி.பி.சியே போடாத வீடு என்றால், சுவரில் துளையிட்டு மருந்து ஏற்றுவதோ, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் புதுத் தடை போடுவதோ பழகியவர்களின் வேலை. நீங்கள் கை வைக்காதீர்கள்.

5. தரை

இங்கேதான் மச்சானின் பொலித்தீன் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. முதலில் ஒரு அறையில் மட்டும் செய்து பாருங்கள்.

பழைய தரையைக் கிண்டி எடுங்கள். கீழே களி தெரிந்தால் 4 அங்குலம் மண்ணை அகற்றி, தூள் இல்லாத முக்கால் அங்குலச் சல்லியால் நிரப்பி இடியுங்கள். களிமண் தண்ணீரைத் திரிபோல் மேலே இழுக்கும். சல்லியின் இடைவெளி அந்தத் திரியை அறுக்கிறது. சல்லிக்கு மேல் ஒரு அங்குலம் மணல் பரவி, பொலித்தீனைக் கிழிக்கக்கூடிய கூரான கல் ஒன்றும் நீட்டாதபடி கையால் தடவிப் பாருங்கள். நான் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன், இரண்டு இடத்தில் குத்தியது.

1000 கேஜ் பொலித்தீன் கேளுங்கள். அது கால் மில்லிமீற்றர்த் தடிப்பு. மூட்டுகளில் ஓரடி ஏற்றி ரேப் ஒட்டி, நாலு சுவரிலும் டி.பி.சிக் கோட்டைத் தாண்டி மடித்து ஏற்றுங்கள். தரைத் தடையும் சுவர்த் தடையும் சந்திக்காவிட்டால் ஈரம் அந்த இடுக்கால் வரும். பொலித்தீனுக்கு மேல் மண்வெட்டியை இழுக்கவிடாதீர்கள். கொங்கிறீட்டைத் தாச்சியால் மெதுவாகக் கொட்டுங்கள்.

10 அடிக்கு 10 அடி அறைக்கு 3 அங்குலக் கொங்கிறீட் 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கணக்கில் போட நாலரைப் பை சீமெந்து வரும், 5 வாங்குங்கள். மறுநாளிலிருந்து 7 நாள் நனைந்த சாக்குப் போட்டு வையுங்கள். தரை முன்பைவிட உயர்ந்தால் கதவின் அடி தட்டும் என்பதையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள், நான் அளக்கவில்லை.

நெல் அடுக்குவதென்றால் தரை காய்ந்த பிறகும் மரச்சட்டத்தில் அரை அடி உயர்த்தி, சுவரிலிருந்து ஓரடி விட்டே அடுக்குங்கள். 14 வீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல் எந்தத் தரையிலும் பழுதாகும்.

மிஞ்சிய பொலித்தீனில் இரண்டடித் துண்டு ஒன்றை வைத்திருந்து, அடுத்த மார்கழியில் அதே மூலையில் ஒட்டிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் காய்ந்திருந்தது. குசினி மூலை மட்டும் இன்னும் கறுப்புத்தான். வெளியே அந்த இடத்தில்தான் மாமியின் குறோட்டன்கள். பிடுங்க விடுகிறா இல்லை.