டிக்கியில் தேங்கிய சோப்புத் தண்ணீர்

பழைய ஸ்டேஷன் வேகன் வாங்கிய இரண்டாம் மாதமே டிக்கிக் கம்பளம் ஈரச் சாக்குபோல நாறத் தொடங்கியது. ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். பின்விளக்கின் ரப்பர்தான் காரணம் என்று மெக்கானிக் அடித்துச் சொன்னார். மாற்றினோம்; பணம்தான் போனது.

கோவையில் அப்போது பத்து நாளாக மழையே இல்லை. பிறகு ஏது தண்ணீர்? விரலால் தொட்டு முகர்ந்தேன். சோப்பு வாசனை! பின்கண்ணாடி கழுவும் தண்ணீர்க்குழாய், முன்பக்கத் தொட்டியிலிருந்து கூரைத் துணிக்குள்ளாகவே பின்கதவுக்குப் போகிறது. கீலருகே இருந்த ரப்பர் உறையை நெம்பிப் பார்த்தேன். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடிந்து மடிந்து, குழாய் அங்கே வெடித்திருந்தது.

வெடித்த துண்டை வெட்டிவிட்டு, மீன்தொட்டிக் காற்றுக்குழாய்க்கு விற்கும் 4 மி.மீ. பிளாஸ்டிக் இணைப்பைச் செருகினேன். செலவு ஒரு டீக் காசு. இணைப்பு, குழாய் வளையும் இடத்தில் வராமல் சற்று உள்ளே தள்ளியிருக்க வேண்டும். அதே உறைக்குள் நம்பர் பிளேட் விளக்கின் கம்பியும் அறுந்து கிடந்தது. நானோ அதற்குள் இரண்டு பல்பு மாற்றியிருந்தேன். புதுக் கம்பி சேர்த்ததும் எரிந்தது.

கம்பளம் மூன்று நாளாக மொட்டை மாடியில் காய்கிறது. நாற்றம் இன்னும் முழுதாகப் போகவில்லை.