பங்குப் படகில் முதல் வார இறுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் நேரோபோட்டை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் நீண்டு குறுகிய படகை, ஒற்றை ஆளாக வாங்கிக் கட்டி மேய்ப்பது பெரும் செலவு. அதனால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரே படகை வாங்கி, ஆண்டுக்கு ஆளுக்குச் சில வாரங்கள் என்று முறைவைத்து ஓட்டுகிறார்கள். பெயின்ட் வாசம் போகாத புதுப்படகு கைக்கு வந்ததும், முதல் சனி ஞாயிறிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பார்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வரைபடத்தில் 20 மைல் என்பது விரல் நீளம்தான். ஆனால் கால்வாயில் வேக வரம்பே மணிக்கு 4 மைல். நடைமுறையில் 3 மைல் போனால் அதிகம். இரு கதவுகளுக்கு நடுவே உள்ள தொட்டியில் நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளுக்கு, அதாவது லாக்குகளுக்கு, தனி நேரம் வேண்டும். படகுக்காரர்கள் மைல் எண்ணிக்கையோடு லாக் எண்ணிக்கையைக் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். 12 மைலும் 9 லாக்கும் என்றால் ஏழு மணி நேரம். போன வழியே திரும்பவும் வேண்டும். 60 அடிப் படகை நினைத்த இடத்தில் திருப்பவும் முடியாது. அதற்கென்று கரையைக் குடைந்து அகலப்படுத்திய இடங்கள் உண்டு. அவை எங்கே என்று பார்க்காமல் கிளம்பினால், திருப்ப இடம் தேடியே ஞாயிறு காலை போய்விடும். புதியவர்களுக்கு மத்திய இங்கிலாந்தின் பிரான்ஸ்டனிலிருந்து நேப்டன் சந்திப்பு வரையிலான 5 மைல் பகுதியைத்தான் சொல்வேன். வழியில் ஒரு லாக்கும் கிடையாது. படகின் குணத்தைப் பிடிபட வைக்க அது போதும்.

குணம் என்றால்: பின்னால் நின்று படகைத் திருப்பும் டில்லர் தண்டை வலப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், ரிவர்ஸில் டில்லர் பேச்சைக் கேட்காது. சாலையில் இடப்பக்கம் ஓட்டும் அந்த நாட்டில், நீரில் எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஒருவர் கையிலிருக்கும் தேநீர் கொட்டும், வெளியே வந்து அவர் சொல்வதைக் கேட்க நேரும். சுவரில் இடிக்கப்போகிறதே என்று காலை நீட்டித் தடுப்பது இன்னும் மோசம். பதினைந்து டன் இரும்புக்கு உங்கள் கால் ஒரு பொருட்டல்ல.

லாக்கில்தான் உண்மையான ஆபத்து. மேல் கதவின் அடியில் கல்லோ கான்கிரீட்டோ கொண்டு கட்டிய ஒரு படி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ‘சில்’ என்பார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணில் படாது. கீழே இறங்கும்போது படகின் பின்புறம் அந்தப் படிக்கு மேலே நின்றுவிட்டால், நீர் வடிய வடியப் பின்பக்கம் படியில் தொங்க, முன்பக்கம் தாழ்ந்து, சில நிமிடங்களில் படகே மூழ்கும். படி எதுவரை நீள்கிறது என்பதற்குக் கரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். பின்புறம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். மாட்டிக்கொண்டதாகத் தோன்றினால் முதலில் கீழ்க் கதவின் மதகுகளை மூடுங்கள்; பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்தால் படகு மறுபடி மிதக்கும். இதனால்தான் மதகைத் திறந்தவர் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், செல்ஃபி எடுக்கப் போகக் கூடாது. படகு இறங்கும்போது கயிற்றைக் கரையிலுள்ள கட்டையில் முடிச்சுப் போடவும் கூடாது. ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடித்து விட்டுக்கொடுங்கள். மதகு திறக்கும் கைப்பிடியை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பற்சக்கரத்தின் பிடி நழுவினால் அது சுழன்று பறந்து ஆளை அடிக்கும்.

புதுப்படகுக்காரர்களுக்கே உரிய தவறு ஒன்று: பெயின்ட் கீறாமலிருக்கப் பக்கவாட்டில் இடி தாங்கும் ஃபெண்டர்களைத் தொங்கவிட்டபடியே லாக்குக்குள் நுழைவது. படகின் அகலம் 6 அடி 10 அங்குலம், குறுகிய லாக்கின் அகலம் சுமார் 7 அடி. ஃபெண்டர் இடுக்கில் சிக்கிப் படகு அசையாமல் நிற்கும். கீறல் விழட்டும், தூக்கி மேலே போடுங்கள்.

நீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறியில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டால் பின்தளத்தின் கீழுள்ள மூடியைத் திறந்து கையால் எடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகே கையை விடுங்கள். மூடியைத் திரும்ப இறுக்காமல் கிளப்பினால், விசிறியே தண்ணீரை எஞ்சின் அறைக்குள் இறைத்துவிடும்.

இரவு 8 முதல் காலை 8 வரை கரையில் கட்டியிருக்கும்போது எஞ்சினை ஓட்டக் கூடாது என்பது விதி. பேட்டரியை அதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். அடுப்பு எரியும்போது குளிர்காற்று வருகிறதே என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் காட்டிக்கொடுக்கும் அலாரத்தின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பங்குப் படகில் நீங்கள் செய்ததை அடுத்த குடும்பம் அனுபவிக்கும். கதவு இறுகுகிறது, குழாய் சொட்டுகிறது, எஞ்சினில் எண்ணெய் கசிகிறது என்பதையெல்லாம் ‘சின்ன விஷயம்தானே’ என்று விடாமல், எஞ்சின் ஓடிய மணியோடு பதிவேட்டில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். படகைக் கட்டியவர் உத்தரவாதத்தில் சரிசெய்ய வேண்டியது, பிறகு பங்காளிகளுக்குள் ‘யார் உடைத்தது’ என்ற பஞ்சாயத்தாக மாறுவது எழுதாமல் விடுவதால்தான். டீசல் நிரப்புவது, கழிவறைத் தொட்டியைக் காலி செய்வது இரண்டையும் ஞாயிறு மதியத்துக்குத் தள்ளாதீர்கள். படகுகள் நிற்கும் மரினாவின் அலுவலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று வெள்ளியன்று சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.