எழுத்துக்குள் கடல்: கிம்ப் மென்பொருளில் எழுத்தைப் படத்தால் நிரப்புவது எப்படி?

‘கடல்’ என்று பெரிதாக எழுத வேண்டும். அந்த எழுத்துகளுக்குள் அலையும் படகும் தெரிய வேண்டும். இன்றைக்கு இதைத்தான் செய்யப் போகிறோம்.

முதல் தடவை இதைச் செய்து பெருமையோடு தம்பிக்கு அனுப்பினேன். “எந்த ஊர்க் கடலை? வறுத்ததா, அவிச்சதா?” என்று பதில் வந்தது. படத்தின் மேல்பாதி முழுக்க வெளிறிய வானம். அது வெள்ளைப் பின்னணியோடு கலந்து, ‘ல்’ தலைமேல் இருந்த புள்ளியை விழுங்கிவிட்டது. மிஞ்சியது ‘கடல’. மென்பொருளில் பொத்தான்களை அழுத்துவது பத்து நிமிட வேலைதான். எழுத்துருவும் படமும் சரியாக அமைவதில்தான் பாடு.

படங்களைத் திருத்த நாம் எடுக்கும் மென்பொருள் கிம்ப். இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2.10 பதிப்பு வைத்திருந்தாலும் சரி, 2025 மார்ச்சில் வந்த 3.0 வைத்திருந்தாலும் சரி, கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் எழுத்துரு

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கட்டை கட்டையாக இருப்பதால் படத்துக்கு நிறைய இடம் கொடுக்கும். தமிழில் வளைவும் இடைவெளியும்தான் அதிகம். ‘ட’வையே பாருங்கள்: இடப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு, மீதி எல்லாம் வெற்றிடம். மெல்லிய எழுத்துருவில் போட்டால் உள்ளே இருப்பது கடலா, நீலச் சட்டையா என்றே தெரியாது. அதனால் கிடைப்பதிலேயே தடிமனானதை எடுங்கள்.

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கேட்டமரானை நான் எடுத்துக்கொண்டேன். நம் கட்டுமரத்திலிருந்து வந்த பெயர், கடலுக்குப் பொருத்தம்தானே. ஒன்பது தடிமன்களில் வருகிறது. கடைசியான ‘பிளாக்’தான் நமக்கு வேண்டும். இறக்கிய ஜிப்பை விரித்து, ‘ஸ்டேட்டிக்’ ஃபோல்டருக்குள் பிளாக் என்று பெயர் முடியும் கோப்பை நிறுவுங்கள். கிம்ப் திறந்திருந்தால் ஒருமுறை மூடித் திறந்தால்தான் பட்டியலில் வரும். பாலூ தம்பி 2 எழுத்துருவும் நல்ல குண்டு எழுத்துதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் வேண்டாம். இன்று ஃபோனிலும் கணினியிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறையில் அடித்தால் அவை வேலை செய்யாது.

எழுதுவோம்

ஃபைல் மெனுவில் ‘நியூ’. அகலம் 1920, உயரம் 1080 பிக்சல் போதும். ஏ4 தாளில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் 3508 x 2480, ரெசொல்யூஷன் 300.

விசைப்பலகையில் T அழுத்தினால் எழுத்துக் கருவி வரும். எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அளவை 500 பிக்சல் அளவுக்கு ஏற்றி, திரையில் சொடுக்கி ‘கடல்’ என்று அடியுங்கள். தமிழில் நேரடியாக அடிக்க வரவில்லையென்றால் வேறெங்காவது அடித்து ஒட்டிவிடலாம். நிறம் கறுப்பே இருக்கட்டும், எப்படியும் படம் மூடிவிடும். பக்க அகலத்தைக் கிட்டத்தட்ட நிரப்பும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

படத்தைக் கொண்டுவருவோம்

ஃபைல் மெனுவில் ‘ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்’ கொடுத்து உங்கள் படத்தைத் தேர்ந்தெடுங்கள். லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி; எழுத்து ஒரு தாளில், படம் இன்னொரு தாளில். நான் எடுத்தது தரங்கம்பாடிக் கடற்கரையில் என் ஃபோனில் எடுத்த படம். படம் எழுத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வாட்ஸாப்பில் வந்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கூழாகிவிடும்.

இப்போது படம் எழுத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம். லேயர் பட்டியலுக்கு அடியில் ஃபோல்டர் மாதிரி ஒரு சின்னம் இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒரு லேயர் குரூப் உருவாகும். எழுத்து லேயரையும் பட லேயரையும் அதற்குள் இழுத்துப் போடுங்கள். படம் மேலே, எழுத்து கீழே. வெள்ளைப் பின்னணி குரூப்புக்கு வெளியே, எல்லாவற்றுக்கும் அடியில்.

அப்புறம் பட லேயர்மேல் வலது சொடுக்கு, ‘காம்போசிட் மோட்’, அதில் ‘கிளிப் டு பேக்டிராப்’. அவ்வளவுதான், படம் எழுத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

உட்காரவில்லையா? குரூப்பின் மோட் ‘நார்மல்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘பாஸ் த்ரூ’ என்றிருந்தால் அடியில் உள்ள வெள்ளைப் பின்னணியும் கணக்கில் சேர்ந்துவிடும். படம் பக்கம் முழுக்கப் பரவி நிற்கும்.

நகர்த்திப் பார்ப்பது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். M அழுத்தி நகர்த்தும் கருவியை எடுங்கள். அதன் அமைப்பில் ‘மூவ் தி ஆக்டிவ் லேயர்’ (3.0 பதிப்பில் ‘மூவ் தி செலக்டட் லேயர்ஸ்’) என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்துக்குப் பதில் எழுத்து நகர்ந்து தொலைக்கும். படம் மிகப் பெரிதாக இருந்தால் ஷிஃப்ட்+S அழுத்திச் சுருக்கலாம்.

என் படத்தில் ஒரே ஒரு சிவப்புப் படகு. அது சரியாக ‘ட’வின் வெற்றிடத்தில் போய் விழுந்தது. அதாவது படகே இல்லை! இடப்பக்கம் தள்ளி, ‘க’வில் கோடுகள் நெருங்கி வரும் நடுப்பகுதியில் வைத்ததும் உயிர் வந்தது. முகங்கள் உள்ள படத்தை இதற்கு எடுக்காதீர்கள் என்பேன். ஒரு கண் மட்டும் எழுத்துக்குள் மாட்டிக்கொண்டு முறைக்கும். அலை, இலை, மணல், கூட்டமாகப் பூக்கள் போல எங்கே வெட்டினாலும் இன்னதென்று தெரியும் படங்கள்தான் தோதானவை.

காணாமல்போன புள்ளிக்கு வருவோம். படத்தை மேலே நகர்த்தினால் வானம் எழுத்துக்கு வெளியே போய்விடும், புள்ளிக்குள் தண்ணீர் வந்துவிடும். அதற்கு இடமில்லையென்றால் ‘கலர்ஸ்’ மெனுவில் ‘கர்வ்ஸ்’ திறந்து, கோட்டின் நடுவைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வானம் கருக்கும். நான் கூடவே ஒரு நிழலும் போட்டேன். எழுத்து லேயரைப் பிரதியெடுத்து, குரூப்புக்கு வெளியே, அதற்குக் கீழே இழுத்துவிட்டு, ஃபில்டர்ஸ் மெனுவில் ‘லைட் அண்ட் ஷேடோ’வுக்குள் ‘டிராப் ஷேடோ’. எழுத்தின் விளிம்பு எடுப்பாகத் தெரியும். குரூப்புக்குள் இருப்பது இன்னும் எழுத்துதான் என்பதால், ‘கடல்’ என்பதை அழித்து ‘அலை’ என்றுகூட மாற்றிக்கொள்ளலாம். நிழலுக்கான பிரதியை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுருக்கம்: படத்தை எழுத்துக்கு மேல் லேயராக வைத்து கன்ட்ரோல்+ஆல்ட்+G. பழைய பதிப்புகளில் ‘கொ’, ‘கெ’ போன்றவை உடைந்து கொம்பு இடம்மாறித் தெரிந்தால், பிரிஃபரன்ஸில் ‘டைப்’ பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுங்கள். கிம்பில் இந்தத் தொல்லை இல்லை.

சேமிப்பது

கன்ட்ரோல்+S கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமிக்கும், நாளைக்குத் திருத்த அது வேண்டும். பகிர்வதற்கு ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ கொடுத்து பெயரின் கடைசியில் .பிஎன்ஜி என்பதை ஆங்கில எழுத்தில் சேருங்கள். பின்னணியே வேண்டாமென்றால், அந்த லேயரின் கண் சின்னத்தை அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக்கில் எடுத்தால் அந்த இடத்தில் ஏதாவது நிறம் வந்து அடைத்துக்கொள்ளும். வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், தெளிவு குறையாமல் போய்ச் சேரும்.