கோடையில் தேன்பெட்டி காலியாவது ஏன்? வளர்ப்பவர் கையால் நேரும் தவறுகள்

பங்குனியில் தேன் எடுத்து முடித்தவர்களில் பலர் வைகாசியில் பெட்டியைத் திறந்தால் வெறும் அடையைத்தான் பார்க்கிறார்கள். "வெயில் தாங்காமல் ஓடிவிட்டது" என்று ஒரு வரியில் காரணம் சொல்லி, அடுத்த குடும்பத்தை விலைக்கு வாங்கக் கிளம்புகிறார்கள். வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் நாலைந்து பெட்டி வைத்து இந்தியத் தேனீ வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் நடப்பது வேறு. உள்ளே இருப்பது பிரியப்போகும் கூட்டமா, குடி பெயரப்போகும் கூட்டமா என்று பார்க்காமல், ஒன்றுக்குரிய வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்துவிடுகிறார்கள்.

கூட்டம் பிரிவது செழிப்பின் அடையாளம். பூ மிகுந்து, மகரந்தம் வந்து குவிந்து, பெட்டி கொள்ளாமல் தேனீ பெருகும்போது பழைய ராணி பாதிக் கூட்டத்துடன் வெளியேறும். குடி பெயர்வது வறுமையால். தேனும் மகரந்தமும் குறைந்து, எறும்போ மெழுகுப் புழுவோ தொல்லை கொடுத்து, நிழலும் தண்ணீரும் இல்லாமல் போனால் ஒரு தேனீகூட மிச்சமில்லாமல் மொத்தக் குடும்பமும் போய்விடும். முன்னதற்கு இடம் கொடுக்க வேண்டும், பின்னதற்குச் சோறு போட வேண்டும். பிரியப்போகும் கூட்டத்துக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றினால் நெரிசல் கூடி இன்னும் வேகமாகப் பிரியும். பட்டினியில் இருக்கும் கூட்டத்துக்குக் காலி அடைச் சட்டங்களைச் சேர்த்தால், காவல் காக்க ஆளில்லாத அந்த அடைகளில் மெழுகுப் பூச்சி முட்டையிடும்.

அடையைக் கையில் எடுத்தாலே எது என்று தெரிந்துவிடும். பிரியப்போகும் பெட்டியில் முதலில் ஆண் தேனீ அறைகள் பெருகும். பணித் தேனீ அறையின் மூடி தட்டையாக இருக்கும். ஆண் அறையின் மூடி கூம்பிப் புடைத்து, உச்சியில் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளையோடு இருக்கும். அதன் பிறகு அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்கத் தொடங்கும். குடி பெயரப்போகும் பெட்டியில் ராணி அறையே இருக்காது. மகரந்தக் கூடையோடு வந்து இறங்கும் தேனீக்கள் குறையும், முட்டை நிற்கும், இளம் புழுக்கள் மறையும், சேமித்த தேன் கரையும். மூடிய அறைகளில் இருக்கும் கடைசிக் குஞ்சுகள் வெளிவரும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பும். ஆகவே மூடிய அறைகள் மட்டும் இருந்து முட்டையோ புழுவோ இல்லை என்றால் நாள் எண்ணத் தொடங்குங்கள். அன்றே நிழலுக்கு வழி செய்து, மாலையில் பாகு வைத்து, வேறு பெட்டியிலிருந்து இளம் புழு உள்ள ஒரு சட்டத்தைக் கொடுங்கள். புழுவை விட்டுவிட்டு அவை எளிதில் போகமாட்டா.

ராணி அறையை வெட்டும் அவசரம்

கூட்டம் பிரியாமல் தடுக்க ராணி அறைகளை வெட்டி எறியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதி உண்மையான இந்த யோசனையால் அழிந்த குடும்பங்கள் ஏராளம்.

நாள் கணக்கு இப்படி. முட்டையிலிருந்து ராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள். எட்டாம் நாள் வாக்கில் அறை மூடப்படும். பழைய ராணி பெரும்பாலும் அதையொட்டியே வெளியேறிவிடும். வளர்ப்பவர் நாலு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து, தொங்கும் ராணி அறைகளைக் கண்டு பதறி அத்தனையையும் வெட்டுகிறார். பழைய ராணி போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை. அடுத்த ராணியையும் தானே கொன்றுவிட்டார். மூன்று நாளுக்கு உட்பட்ட புழுவிலிருந்துதான் தேனீக்கள் புது ராணியை வளர்க்க முடியும். முட்டையிட ராணி இல்லாததால் அந்த வயதுப் புழுவும் சில நாளில் தீர்ந்துபோகும்.

அதனால் கத்தியை எடுக்கும் முன் முட்டையைத் தேடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, சட்டத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அறையின் அடியில் வெண்மையாகத் தெரியும். இட்ட அன்று முட்டை செங்குத்தாக நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கும் முட்டை தென்பட்டால் ராணி நேற்றோ இன்றோ இங்கே இருந்தது என்று பொருள். அப்போதும் வெட்டுவதைவிட, ஒரு நல்ல ராணி அறை உள்ள சட்டத்தையும் இரண்டு மூன்று புழுச் சட்டங்களையும் தேனீக்களோடு வேறு பெட்டிக்கு மாற்றி நீங்களே பிரித்துவிடுவது மேல். இந்தியத் தேனீக்குப் பயன்படும் நியூட்டன் பெட்டி சிறியது. அதில் நெரிசலை வெட்டித் தீர்க்க முடியாது. வெட்ட வெட்ட மறுபடி கட்டும்.

காலி ராணி அறையும் விவரம் சொல்லும். நுனி வட்டமாக அறுபட்டு, மூடி கதவைப்போல ஒரு பக்கம் ஒட்டித் தொங்கினால் ராணி முறையாக வெளிவந்திருக்கிறது. பக்கவாட்டில் ஓட்டை இருந்தால், முந்திப் பிறந்த ராணி உள்ளே இருந்ததைக் கொன்றிருக்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் பெட்டியில் ஒரு கன்னி ராணி இருக்கிறது என்று கொண்டு, மூடிவிட்டு விலகுங்கள்.

இங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது. புது ராணி பிறந்து, வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு இணைந்து, முட்டையிடத் தொடங்க இரண்டு வாரம்வரை ஆகும். கூட்டம் பிரிந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய மூன்று வாரம் பெட்டியில் முட்டையே தெரியாது. பொறுமை இழந்து வெளியிலிருந்து ஒரு ராணியைக் கொண்டுவந்து விடுகிறார்கள். உள்ளே கன்னி ராணி இருந்தால் வந்தது பிழைக்காது. சந்தேகம் இருந்தால் வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டம் ஒன்றைக் கொடுத்து, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ராணி அறை கட்டியிருந்தால் ராணி இல்லை, கட்டவில்லை என்றால் இருக்கிறது. தேனீக்களைவிட நமக்கு அதிகம் தெரியாது.

அந்த வாரங்களில் பெட்டியை இடம் மாற்றுவதும், பக்கத்துப் பெட்டிகளை நகர்த்தி வரிசையைக் குலைப்பதும் கூடாது. பறக்கப் போன ராணி வழி தவறி அடுத்த பெட்டிக்குள் நுழைந்தால் காவல் தேனீக்கள் கொன்றுவிடும். ராணி வெளியேறாமல் இருக்க வாசலில் வைக்கும் தடுப்பைக் கழற்ற மறப்பது இன்னும் மோசம். பிடித்து வந்த கூட்டம் ஓடிவிடாமல் இருக்க நாலைந்து நாள் அதை வைப்பது நியாயம். ஆனால் கன்னி ராணி உள்ள பெட்டியில் அது இருந்தால் ராணி இணையவே முடியாது. ஆண் தேனீக்களும் அதில் சிக்கிச் செத்து வாசலை அடைக்கும்.

கடுங்கோடையில் குடும்பத்தைப் பிரிப்பவர்கள் ஆண் தேனீக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். பூ வற்றினால் பணித் தேனீக்கள் ஆண்களைத் துரத்திவிடும். இணைய ஆண் இல்லாத காலத்தில் பிறக்கும் ராணியால் என்ன பயன்? பிரிப்பதானால் பூ இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தேனுக்கு முந்தைய மாதங்களிலேயே குடும்பங்களைப் பெருக்கிவிடுவது இதனால்தான்.

கடைசிச் சொட்டுத் தேன்

ரப்பரில் தேன் சுரப்பது பூவில் மட்டுமன்று. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில்தான் பெருமளவு தேன் கிடைக்கிறது. இலை முற்றியதும் அது நின்றுவிடும். வரத்து நின்ற பிறகும் இன்னொரு முறை தேன் எடுக்கும் ஆசைதான் ஆனி, ஆடி மழைக் காலப் பட்டினிக்கு அடித்தளம். பெட்டியின் மேல் அடுக்கான தேன் அறையில் இருப்பது நம்முடையது. கீழ் அடுக்கான புழு அறையின் சட்டங்களில் மேற்பகுதியில் வளைவாகச் சேர்த்திருப்பது அவற்றின் சாப்பாடு, அதில் கை வைக்கக் கூடாது. சமவெளியில் வேம்பு, புங்கன், புளி பூக்கும்வரை ஓரளவு சமாளிக்கும். அதன் பிறகு தென்னை மட்டுமே துணை.

பாகு கொடுக்கும்போது வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு போதும். வெல்லமும் கருப்பட்டியும் தேனீக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாக்கும். கடைத் தேனைக் கொடுப்பது யாரோ ஒருவர் பெட்டியின் நோயை விலை கொடுத்து வாங்குவதாகும். பாகைப் பகலில் வைத்தாலோ, வாசலில் சிந்தினாலோ பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்து சண்டை மூளும். பொழுது சாய்ந்த பின், பெட்டிக்குள், சிந்தாமல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள்.

வெயில் நேரத்தில் செய்யக் கூடாதவை

புழு வளரும் இடத்தைத் தேனீக்கள் 34, 35 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்கின்றன. கோடையில் தண்ணீர் கொண்டுவந்து அடையில் தடவிச் சிறகால் விசிறுகின்றன. நண்பகலில் பெட்டியைத் திறந்து வேடிக்கை பார்த்தால் அந்த உழைப்பு அத்தனையும் வீண். இளகிய புது அடை சட்டத்திலிருந்து கழன்று விழவும் கூடும். காலை ஒன்பது மணிக்குள் பார்த்து முடியுங்கள். கூரைத் தகரத்தின் அடியில் பெட்டி வைப்பதை நிழல் என்று நினைக்க வேண்டாம், அது அடுப்பு. மரநிழலும், மேல்மூடியில் ஈரச் சாக்கும், அருகில் கூழாங்கல் போட்ட மண்சட்டியில் தண்ணீரும் போதும். கல் இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும்.

கூட்டம் கிளம்பும் அறிகுறி கண்டு வாசலைத் துணியால் அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அடைபட்ட தேனீக்கள் கொதித்துச் சூடேறி, மொத்தமாக மடிந்துவிடக் கூடும். போனாலாவது உயிரோடு போயிருக்கும்.

இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை, அடிப்பலகையில் விழும் மெழுகுத் துகளையும் முழுதாக வெளியேற்றுவதில்லை. மெழுகுப் பூச்சிக்கு அதுவே விருந்து. வாரம் ஒரு முறை பலகையைச் சுரண்டித் துடையுங்கள். கறுத்த பழைய அடைகளையும், தேனீ மூடாத அடைகளையும் எடுத்துவிடுங்கள். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டித் தாங்கியின் அடியில் வைக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வற்றுவதையும் கோடையில் பலர் கவனிப்பதில்லை.

ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். புது ராணி முதல் சில நாள் அப்படி இடுவது உண்டு. முட்டைகள் அறைச் சுவரில் ஒட்டியிருந்து, பணித் தேனீ அறைகளிலும் ஆண் மூடிகள் புடைத்தால்தான் ராணி இல்லாமல் பணித் தேனீக்களே இடுகின்றன என்று பொருள். இந்தியத் தேனீயில் இது சீக்கிரமே தொடங்கிவிடும். அந்தக் குடும்பத்துக்குப் புது ராணியைக் கொடுத்து வீணாக்காமல், துளையிட்ட செய்தித்தாளை இடையில் வைத்து, ராணியுள்ள வலுவான பெட்டியோடு மாலையில் இணைத்துவிடுங்கள்.

இணைக்கும் முன் புழுக்களைப் பாருங்கள். செத்த புழு தலை தூக்கி, நீர் நிறைந்த பையாக ஊசியில் எழுந்து வந்தால் அது தாய்லாந்தின் பெயர் கொண்ட ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய். 1991, 92 ஆண்டுகளில் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் சட்டத்தையோ தேனையோ மற்றொன்றுக்கு மாற்றாமல், கையையும் கருவியையும் கழுவிவிட்டே அடுத்த பெட்டியைத் தொட வேண்டும்.